வலப்பக்கம் சத்தம், இடப்பக்கம் ஓடை

உக்காருங்க தம்பி, ஜன்னல் பக்கம் வேணும்னா நகர்ந்துக்கிறேன். கலெக்டர் ஆபீஸா? நானும் அங்கதான். திங்கட்கிழமைன்னா இந்த பஸ்ல பாதிப் பேரு மனுவோடதான் ஏறுவாங்க. எனக்கு இது நாலாவது வருஷம். கண்டக்டர் என்கிட்ட எங்கன்னு கேக்கறதே இல்ல, டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பாரு.

மிலிட்டரிதான். எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க, முடி வெட்டை வெச்சா? இருபத்தெட்டு வருஷம். பேரு கோதண்டம், சுபேதாரா ரிடையர் ஆனேன். உள்ளதைச் சொல்றேன், நான் சண்டை போட்டது கம்மி, சண்டை போடச் சொல்லிக் குடுத்தது ஜாஸ்தி. பயிற்சி முகாம்ல பதினோரு வருஷம் வாத்தியாரு. அங்க வாத்தியார உஸ்தாத்னு கூப்பிடுவாங்க. இன்னிக்கும் எங்கயாவது ரயில்வே ஸ்டேஷன்ல பின்னால இருந்து ‘உஸ்தாத்’னு ஒரு குரல் வந்தா எனக்கு முதுகு தானா நிமிரும்.

மனு எனக்கில்ல தம்பி. எழுமலைன்னு ஒரு பையன். பட்டாளத்துல நாயக் பதவி. என் கையில படிச்சவன். வடக்க எல்லை மலையில செத்துட்டான். அவனுக்கு வீரப்பதக்கம் குடுக்கணும்னு மனு. பதக்கம்கூட அப்புறம். ‘இந்தப் பையன் மேல தப்பில்ல’ன்னு பட்டாளத்துல இருந்து ஒத்தைத் தாள் வந்தாப் போதும். கலெக்டர் கையெழுத்து வெச்சு அனுப்பினா தில்லியில கொஞ்சம் நின்னு பாப்பாங்கன்னு சொன்னாங்க. அதான் இந்த நடை.

ஒரு வீரனுக்கு நியாயம் கிடைக்கலன்னா மனசு கேக்குமா சொல்லுங்க. எனக்குக் கேக்கல.

முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். அந்த வருஷம் பங்குனியில எங்க முகாமுக்கு ஒரு மேஜர் வந்தார். மேஜர் அப்பையா, குடகுக்காரர். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வந்த உடனே பழைய பாடத்தை மூட்டை கட்டிட்டாரு. பழைய பாடம்னா எப்பிடி? எட்டு விதமான நிலைமை, எட்டுக்கும் எட்டு பதில். இப்பிடி வந்தா இப்பிடி பண்ணு. அப்பிடி வந்தா அப்பிடி பண்ணு. பையன் தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவான். நானும் அப்பிடித்தான் படிச்சேன், என் உஸ்தாதும் அப்பிடித்தான் படிச்சாரு.

இவரு வந்து எங்களையெல்லாம் உக்கார வெச்சு என்ன சொன்னாரு தெரியுமா? “எதிரி நம்ம புஸ்தகத்தைப் படிக்கலன்னு நினைக்காதீங்க. படிச்சிருப்பான். அவனால படிக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு, அந்த நேரத்துல நம்ம பையன் மண்டைக்குள்ள ஓடறது. அதை வளருங்க.” நல்லாத்தான் இருக்கு கேக்கறதுக்கு. ஆனா மண்டைக்குள்ள ஓடறதை எப்பிடித் தம்பி வளக்கறது? அதுக்கு பரேடு இருக்கா?

ஏழு பயிற்சி வெச்சாரு. எட்டெட்டுப் பேரா பிரிச்சு மலைக்காட்டுக்குள்ள அனுப்பறது. இங்க இருந்து அங்க போன்னு ஒரு வேலை குடுக்கறது. பாதி வழியில எதையாவது மாத்திடறது. வயர்லெஸ் செத்துப்போச்சுன்னு சொல்லுவாரு. தலைவனுக்குக் குண்டு பட்டுடுச்சுன்னு சொல்லுவாரு. மேப்ல இருக்கிற பாலம் நேர்ல இருக்காது. அப்ப அவனுங்களா முடிவெடுக்கணும். சரியான பதில்னு ஒண்ணு கிடையாதாம். “தப்பு பண்ணினா மார்க் குறையாது. ஏன் பண்ணேன்னு சொல்லத் தெரியலன்னாதான் குறையும்”னாரு. நான் பக்கத்துல இருந்த ஹவில்தார் கிட்ட மெல்லச் சொன்னேன், இது என்ன பட்டாளமா பட்டிமன்றமான்னு.

முதல் பயிற்சியில என் டீம் நடுக்காட்டுல நின்னு இருபது நிமிஷம் வாக்குவாதம் பண்ணானுங்க. இவன் இந்தப் பக்கம்ங்கறான், அவன் அந்தப் பக்கம்ங்கறான். நான் ஒரு மரத்துக்குப் பின்னால நின்னுக்கினு கூசிப் போயிட்டேன். மேஜரு சந்தோஷப்படறாரு தம்பி! “யோசிக்கறாங்க பாரு கோதண்டம், நல்லா இருக்கு”ங்கறாரு. சாயந்திரம் டீக்கடையில மத்த வாத்தியாருங்க சிரிச்சானுங்க. உன் பசங்க மாநாடு போட்டாங்களாமேன்னு. அவனுங்க டீமும் அதே லட்சணம்தான், ஆனா பேரு எனக்கு.

அப்ப எனக்கு ப்ரமோஷன் ரெண்டு தடவ தட்டிப் போயிருந்த சமயம். நாயிப் சுபேதார் ஆகணும்னா அந்த வருஷம் ஆகணும், இல்லன்னா ஹவில்தாராவே மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியில ஏழு பயிற்சிக்கும் சேத்து ஒரு கேடயம்னு அறிவிச்சிருந்தாங்க. அதுக்காகன்னு மட்டும் நினைக்காதீங்க. பசங்களுக்கும் அந்தக் கோர்ஸ்ல பேரு வந்தாத்தான் மேல போக முடியும். ஏழைப்பட்ட பசங்க எல்லாம்.

பயிற்சிக்கு முந்தின நாள் நாலு மணிக்கு மேஜரு வாத்தியாருங்களைக் கூப்பிட்டு, நாளைக்கு என்ன மாத்தப் போறேன்னு சொல்லுவாரு. நாங்கதானே ஆளை நிறுத்தணும், வெத்துத் தோட்டா சுடணும். நான் அதை வாங்கிக்கினு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தி என் பசங்கள ஸ்டோர் ரூம் பின்னால கூப்பிட்டு நிக்க வெப்பேன். நாளைக்கு இது நடக்கும், நீ இது பண்ணு. நாப்பது தடவ பண்ண வெப்பேன். ஓட வெப்பேன். பாட்டு மாதிரி சொல்ல வெப்பேன். அதுல தப்பு என்ன இருக்கு? பரீட்சைக்கு முந்தி எந்த வாத்தியாரும் முக்கியமான கேள்வியைச் சொல்லித்தானே குடுப்பாரு?

எழுமலை அதுல முதல் பையன். நம்ம ஜில்லாக்காரன், ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம். ஒரு தடவ சொன்னாப் பிடிச்சுக்குவான். கேள்வி கேக்க மாட்டான். இன்னொருத்தன் ததேயுஸ். கன்னியாகுமரிக் கடற்கரை, மீன்பிடிக்கிற குடும்பம். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

நாலாவது பயிற்சி, அதைச் சொல்லணும். மலைச்சரிவுல ஒரு நடைபாதை. இடப்பக்கம் கீழ காஞ்ச ஓடை. வலப்பக்கம் மேட்டுல இருந்து திடீர்னு சுடுவாங்க. தலைவன் விழுந்துட்டான், வயர்லெஸ் இல்ல. என்ன பண்ணுவ? நான் யோசிச்சு ஒரு பதில் செஞ்சு குடுத்தேன். அத்தனை பேரும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இடப்பக்கம் ஓடைக்குள்ள குதிச்சிடணும். ஓடை மறைவுலயே மேல ஓடி, சுத்திப் போய், சுடறவன் முதுகுப் பக்கம் ஏறணும். அருமையான பதில் தம்பி. எந்த அதிகாரியும் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கு ஒரு வரி கட்டினேன், ‘வலப்பக்கம் சத்தம், இடப்பக்கம் ஓடை’. நான் முதல் பாதியைச் சொன்னா எட்டுப் பேரும் ரெண்டாம் பாதியைக் கத்திக்கினே குதிக்கணும். ஸ்டோர் ரூம் பின்னால ஒரு சாக்கடைக் கால்வாய் இருந்துச்சு, அதுலதான் குதிக்க வெச்சேன்.

ததேயுஸ் கையைத் தூக்கினான். “உஸ்தாத், ஓடைக்குள்ளயும் ஆளு இருந்தா?”

“பயிற்சியில இல்ல”ன்னேன்.

“பயிற்சியில இல்ல உஸ்தாத். நெசத்துல இருந்தா?”

மத்தவன் எல்லாம் என் மூஞ்சியைப் பாக்கறான். அந்த நேரத்துல விட்டா நாளைக்கு எட்டுப் பேரும் கேள்வி கேப்பான். துப்பாக்கியைத் தலைக்கு மேல தூக்கிக்கினு மைதானத்தை இருபது சுத்து ஓடச் சொன்னேன். ஓடினான். ஓடி முடிச்சு வந்து நின்னு, மூச்சு வாங்கிக்கினே, “இப்பச் சொல்லுங்க உஸ்தாத், இருந்தா?”ங்கறான்!

‘ஒழுக்கம் போதாது’ன்னு எழுதி அவனைக் கோர்ஸ்ல இருந்து திருப்பி அனுப்பிட்டேன். எழுமலை வந்து நின்னான். “உஸ்தாத், அவன் கேட்டது எனக்கும் தோணிச்சு”ன்னான். “தோணினா வாயை மூடிக்கினு இரு. நீ மேல வர வேண்டியவன்”னேன். மூடிக்கினான். நல்ல பையன்னு சொன்னேன்ல.

நாலாவது பயிற்சி அன்னைக்கு மேஜரு கையில வாட்ச் வெச்சுக்கினு மேட்டுல நிக்கறாரு. வெடிச் சத்தம் கேட்டுச்சு. ஆறு செகண்டு தம்பி. ஆறே செகண்டுல பாதையில ஒரு ஆள் இல்ல. மத்த டீம் எல்லாம் நிமிஷக் கணக்குல திணறினானுங்க. ஏழு பயிற்சியும் முடிஞ்சப்ப கேடயமும் எங்களுக்குத்தான். எல்லாரும் கை தட்டினாங்க. மேஜரு மட்டும் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு.

“கோதண்டம், உன் பசங்க யோசிச்சுப் பண்ணாங்களா, தெரிஞ்சு பண்ணாங்களா?”

“நல்லாத் தெரியும் சார் அவனுங்களுக்கு”ன்னேன்.

வேற ஒண்ணும் கேக்கல. ஆடி மாசம் எனக்கு நாயிப் சுபேதார் வந்துச்சு.

எழுமலை பட்டாலியனுக்குத் திரும்பிப் போறப்ப அவன் கிட்டச் சொல்லி அனுப்பினேன், உனக்குக் கீழ வர்ற பசங்களுக்கும் இதை அப்பிடியே சொல்லிக் குடு, ஒரு வார்த்தை மாறக் கூடாதுன்னு. குடுத்தான். கொஞ்ச நாள்ல நாயக் ஆயிட்டான். எட்டுப் பேருக்கு அவன்தான் தலைவன். அந்த எட்டுல ஒருத்தனா ததேயுஸும் அங்கயே வந்து சேந்திருந்தான். சாதாச் சிப்பாய்தான். கோர்ஸ் இல்லையே, எப்பிடி மேல வருவான்?

பட்டாலியனை எல்லைக்கு அனுப்பினாங்க. போன மூணாவது மாசம் எழுமலை போன் பண்றான். குரல்ல அவ்ளோ சந்தோஷம். “உஸ்தாத், அப்பிடியே நடந்துச்சு. வலப்பக்கம் மேட்டுல இருந்து சுட்டான். ஓடையில எறங்கிச் சுத்திப் போனோம். ஓடிட்டானுங்க உஸ்தாத், ஒருத்தனுக்கும் கீறல் இல்ல.” நான் முகாம் முழுக்க ஜிலேபி வாங்கிக் குடுத்தேன். மேஜருக்கும் ஒண்ணு குடுத்தேன். வாங்கிக்கினாரு.

ரெண்டாவது தடவையும் அதே மாதிரி. அதே சரிவு இல்ல, வேற சரிவு, ஆனா அதே மாதிரி. அப்பவும் ஜெயிச்சானுங்க. அதான் சொல்றேன் தம்பி, ரெண்டு தடவ ஜெயிச்சது என் பாடம். ரெண்டு தடவ! அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

அந்த ரெண்டாவது தடவ போன்ல எழுமலை கொஞ்சம் இழுத்தான். “உஸ்தாத், ரெண்டு வாட்டியும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. சண்டை போடாமயே ஓடிடறானுங்க. நின்னு பாத்துட்டுப் போற மாதிரி இருக்கு. அடுத்த வாட்டி மாத்திப் பாக்கட்டுமா?”

நான் என்ன சொல்லியிருக்கணும்ங்கறீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? “ஜெயிக்கிறத எவனாவது மாத்துவானாடா”ன்னேன். “சரி உஸ்தாத்”னான். அதுதான் கடைசியாப் பேசினது.

கார்த்திகை மாசம், காலையில பத்து மணி. எட்டுப் பேர் போனானுங்க. முதல்ல போனவன் பாதையில கிடந்தான். அஞ்சு பேரை ஓடைக்குள்ள இருந்துதான் எடுத்தாங்க. கீழ ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்திருக்கான். கடைசியில ஒருத்தன் மட்டும் பிழைச்சான். ததேயுஸ். ஒரு காலு போச்சு, தலையில அடி, மூணு மாசம் நினைப்பு சரியா இல்ல. அதுக்குள்ள விசாரணை முடிஞ்சு பைலைக் கட்டிட்டாங்க. ‘பிரிவுத் தலைவர் பயிற்சியில் கற்றபடி தம் பிரிவை ஓடைக்குள் இறக்கினார்’. ஒத்தை வரி. அவ்வளவுதான் எழுமலையைப் பத்தி.

எனக்கு முதல்ல அந்த வரி பெருமையா இருந்துச்சு தம்பி. கற்றபடி. அப்பிடியே பண்ணியிருக்கான் பையன். அப்புறம் ரெண்டு மூணு தடவ படிச்சப்பதான் அது பாராட்டு இல்லன்னு தெரிஞ்சுது.

மேஜரு என்னைக் கூப்பிட்டாரு. உக்காரச் சொல்லல. “நாலாவது பயிற்சி. முன்னாடியே சொல்லிக் குடுத்தியா?”

“இல்ல சார்.”

“கோதண்டம்.”

“இல்ல சார்.”

மேல இருந்து அவரைக் குடைஞ்சாங்க. புதுசாப் பயிற்சி குடுத்த பசங்கதானே செத்தாங்க, யோசிக்கச் சொல்றேன்னு விளையாடி ஏழு உசுரை விட்டுட்டீங்களேன்னு. அவரு என்னைக் காட்டிக் குடுக்கலாம், குடுக்கல. சந்தேகத்தை வெச்சுக்கினு ஒரு வாத்தியார் மேல பழி போடக் கூடாதுன்னு நினைச்சாரோ என்னவோ. அடுத்த வருஷம் வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு. அவரோட ஏழு பயிற்சியும் போச்சு. பழையபடி எட்டு நிலைமை, எட்டு பதில். நல்லதுக்குத்தான்னு அப்ப நினைச்சேன். நானே ஆறு வருஷம் அதைத்தான் நடத்தினேன். எத்தனை பசங்க அதுல படிச்சுட்டுப் போனானுங்கன்னு எண்ணிப் பாத்ததில்ல.

ரிடையர் ஆகி ஊருக்கு வந்தப்புறம்தான் எழுமலை வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி பேரு கஸ்தூரி. ஒரு பொண்ணு, இப்ப ஏழாவது படிக்குது. நான் அவனோட உஸ்தாத்னு சொன்னதும் கஸ்தூரி என் கால்ல விழ வந்துச்சு. “உங்களைப் பத்தியேதான் பேசும் அண்ணா அது”ன்னு அழுதுச்சு. அதுல இருந்து அண்ணாதான்.

அவளுக்குப் பென்சன் வருது, அதுல குறையில்ல. குறை வேற. அதே சண்டையில வரதன்னு ஒரு பையன் போனான். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்க்காரன். அவனோட அம்மா பட்டம்மா. யாரோ அந்த விசாரணை வரியை அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டாங்க. அன்னைல இருந்து அந்தம்மா கஸ்தூரியை எங்க பாத்தாலும் விடறதில்ல. ரேஷன் கடையில, பஸ் ஸ்டாண்டுல, கோயில்ல. “உன் புருஷன்தான்டி என் புள்ளையைக் குழிக்குள்ள எறக்கினான். நல்லா இருந்த புள்ளையை ஆட்டை ஓட்டற மாதிரி ஓட்டிக்கினு போயி எறக்கினான்.” ஒரு நாள் நானே பக்கத்துல இருந்தேன். பள்ளிக்கூடத்து வாசல்ல, அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி. கஸ்தூரி தலையைக் குனிஞ்சுக்கினு பொண்ணு காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கினு நிக்குது.

அன்னைக்குத்தான் மனு எழுத ஆரம்பிச்சேன்.

முதல் மனுவுக்கு ஏழு மாசத்துல பதில் வந்துச்சு. ‘தனிப்பட்ட முறையில் முடிவெடுத்துத் துணிச்சலுடன் செயல்பட்டதற்குச் சான்று இல்லை.’ சான்று வேணும்னா பிழைச்சவனைத்தானே கேக்கணும்? கஸ்தூரிதான் சொல்லுச்சு, ததேயுஸைப் போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணான்னு. பதினாலு மணி நேரம் பஸ்ல போனேன். கடலோரத்துல சின்ன வீடு. கட்டைக் காலை மாட்டிக்கினு வலை பின்னிக்கினு இருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான். “உஸ்தாத்!”னான். கோபமே இல்ல தம்பி அவன்கிட்ட. கோபமா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். மீன் குழம்பு வெச்சுப் போட்டான் அவன் பொண்டாட்டி.

சாப்பிட்டுட்டு கேட்டேன். சொன்னான். அவன் சொன்ன மாதிரியே சொல்றேன்.

“மொத வெடிக்கே முன்னால போனவன் விழுந்தான் உஸ்தாத். நானும் எழுமலையும் அடுத்தாப்புல. ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக்கிட்டோம். எழுமலை வாயத் தொறக்கல, ஆர்டரே குடுக்கல. பொறத்த வந்த அஞ்சு பேரும் தானா, அந்த வரியக் கத்திக்கிட்டே ஓடைக்குள்ள குதிச்சிட்டானுவ.”

அந்த வரியைக் கத்திக்கிட்டே. அப்பிடித்தான் சொன்னான்.

“எழுமலை என்னையப் பாத்து, ‘ததேயு, உனக்கு என்னடா தோணுது’ன்னு கேட்டாரு. இத்தன வருஷத்துல என்ட்ட யாரும் கேக்காத கேள்வி உஸ்தாத். நான் சொன்னேன், மொத வெடிதான் குறி பாத்துச் சுட்டான், மத்ததெல்லாம் சும்மா மேல சுடுதான். எங்க ஊர்ல தண்ணியக் கம்பால அடிச்சு மீன வலைக்கு வெரட்டுவோம்லா, அதே மாரி வெரட்டுதான். வலை கீழ கெடக்குன்னேன். சொல்லி வாய மூடல, எந்திரிச்சு நின்னுட்டாரு. வெடிக்கு நடுவுல நேரா நிக்காரு. ‘ஏறுங்கடா மேல, ஏறுங்கடா’ன்னு கத்துதாரு. ஒருத்தனுக்கும் கேக்கல. இவரே எறங்குனாரு. ஒருத்தன் சட்டையப் புடிச்சு மேல தூக்கி எறிஞ்சாரு. அடுத்தவனுக்குப் போனாரு. அதுக்குள்ள கீழ உள்ளவன் ஆரம்பிச்சுட்டான். மேல வந்தவன இழுத்துட்டுப் போவும்போதுதான் எனக்குக் கால்ல பட்டுது.”

தூக்கி எறிஞ்சது யாரைன்னு கேட்டேன்.

“வரதன உஸ்தாத். மூணாம் நாளு ஆசுபத்திரில போயிட்டான்.”

பட்டம்மா புள்ள.

பேப்பர் எடுத்து எல்லாத்தையும் எழுதினேன். வாசிச்சுக் காட்டினேன். ததேயுஸ் கையெழுத்துப் போட்டான். “எங்க வரணும்னாலும் வந்து சொல்லுதேன் உஸ்தாத்”னான். பஸ் ஏத்தி விட கட்டைக் காலோட ரோடு வரைக்கும் வந்தான்.

திரும்பி வர்ற பதினாலு மணி நேரமும் அந்தப் பேப்பரைப் படிச்சுக்கினே வந்தேன். யோசிச்சுப் பாருங்க. இதைக் குடுத்தா எழுமலைக்கு நிச்சயம் பதக்கம். அவனா முடிவெடுத்தான், அவனா எறங்கினான், ஒருத்தனைக் காப்பாத்தப் பாத்தான். ஆனா அஞ்சு பேர் ஏன் ஆர்டர் இல்லாம குதிச்சான்னு கேப்பாங்களா இல்லையா? என்ன வரியைக் கத்தினான், அந்த வரி யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேப்பாங்க. செத்த பசங்க மேல பழி வரும் தம்பி. ஆர்டர் இல்லாம குதிச்சவனுங்கன்னு ஆயிடும். அந்த அஞ்சு குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? அதுக்காகத்தான் அந்தப் பேப்பரைச் சேக்கல. அதுக்காகத்தான்.

அப்பிடிப் பாக்காதீங்க.

எனக்கும் ஊர்ல ஒரு பேரு இருக்கு. மைதானத்துல அம்பது பசங்களுக்கு ஆள்சேர்ப்புக்குப் பயிற்சி குடுக்கறேன், காசு வாங்கறதில்ல. உஸ்தாத்னுதான் கூப்பிடறாங்க.

கஸ்தூரி கிட்ட, “ததேயுஸுக்கு ஒண்ணும் நினைப்பில்லம்மா, தலையில அடி இல்லையா”ன்னு சொல்லிட்டேன். “பாவம், அந்த அண்ணனுக்கு எதாவது செலவுக்கு அனுப்பலாமா”ன்னு கேட்டுச்சு. திரும்ப மனு எழுதினேன். ‘கற்ற பயிற்சியைச் சிறிதும் பிசகாமல் கடைப்பிடித்த வீரர்’னு எழுதினேன். அதே பதில் வந்துச்சு. திரும்ப எழுதினேன். அதே பதில். நான் எழுதறதுல நல்ல வார்த்தையா இருக்கும், கஸ்தூரி படிச்சுட்டு அழும். ஆனா அதுல அவங்க கேக்கற சான்று இருக்காது. இருக்காதுன்னு எனக்குத் தெரியும்.

போன மாசி மாசம் ஆபீஸ்ல ஒரு புது அம்மா வந்திருந்தாங்க. பைலை முழுசாப் படிச்ச முதல் ஆளு. கஸ்தூரி எப்பவும் வெளியதான் நிக்கும், உள்ள நான் மட்டும்தான் போவேன். “பிழைச்சவர் நேர்ல வந்து வாக்குமூலம் குடுத்தா திரும்ப விசாரிக்கச் சொல்லி எழுதலாம் சார், நான் எழுதறேன்”னாங்க. கூட்டிக்கினு வர்றேம்மான்னேன். அடுத்த திங்கட்கிழமை கேட்டாங்க. உடம்பு சரியில்லையாம்னேன். அதுக்கு அடுத்த திங்கட்கிழமையும் ஏதோ சொன்னேன். ததேயுஸுக்கு ஒரு கடிதம் போடல, போன் பண்ணல. பங்குனி போச்சு, சித்திரை போச்சு.

ஆனியில ததேயுஸ் பொண்டாட்டி கிட்ட இருந்து போன். நெஞ்சு வலின்னு சொல்லியிருக்கான், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சாம். “உஸ்தாத் கூப்புடுவாரு, சாட்சி சொல்லப் போணும்னு சட்டையத் தேச்சு வெச்சிருந்தாவ சார்”னு அழுதுச்சு.

உங்க கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, இனிமே நாம பாக்கப் போறதில்ல. அன்னைக்கு நான் நல்லாத் தூங்கினேன் தம்பி. மூணு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். விடியக்காலையில எந்திரிச்சப்புறம்தான், எதுக்காக இவ்ளோ நல்லாத் தூங்கினோம்னு நினைப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் தூக்கமே இல்ல.

அந்த ஆபீஸ் அம்மா கிட்டப் போய் செய்தியைச் சொன்னேன். பைலை மூடிட்டாங்க. “அவரு எதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரா சார்?”னு கேட்டாங்க. நல்லவங்க, அவ்ளோ பொறுமையாக் கேட்டாங்க. இல்லம்மான்னேன். அவங்களையும் போன மாசம் மாத்திட்டாங்க. இப்ப இருக்கறவரு மனுவை வாங்கி நம்பர் போட்டு ஒரு சீட்டு குடுப்பாரு. அவ்வளவுதான்.

பேப்பரா? கிழிக்கல. கிழிக்கலாம்னு நூறு தடவ எடுத்திருக்கேன். வீட்டுல பீரோவுல, என் ப்ரமோஷன் ஆர்டருக்கு அடியில இருக்கு. குடுத்துடலாம்தான். சொல்றது சுலபம். சாட்சி உயிரோட இருந்தப்ப ஏன் குடுக்கலன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன பதில்? கஸ்தூரி கேக்குமே. அண்ணா, இத்தனை வருஷம் இதை வெச்சுக்கினா என்கூட வந்தீங்கன்னு கேக்குமே. பட்டம்மாவுக்கும் வயசாயிடுச்சு. கண்ணு தெரியல. இப்பக்கூட குரலை வெச்சே கண்டுபிடிச்சுத் திட்டும்.

நான் இருக்கற வரைக்கும் வருவேன் தம்பி. ஒரு திங்கட்கிழமை விடமாட்டேன். அது ஒண்ணுதான் இப்ப என்னால பண்ண முடியும்.

எந்திரிங்க, ஸ்டாப் வந்துடுச்சு. படி உசரம், பாத்து இறங்குங்க. அதோ கேட்டு பக்கத்துல புங்கமரத்து நிழல்ல நிக்குது பாருங்க, பச்சைப் புடவை. அதுதான். எனக்கு முன்னாலயே வந்து டோக்கன் வாங்கி வெச்சிருக்கும். எனக்கும் சேத்து சோறு கட்டிக்கினு வந்திருக்கும், நான் வெளியில சாப்பிட்டா வயித்துக்கு ஒத்துக்காதுன்னு.

நாம சேந்து இறங்கறதைப் பாத்துடுச்சு. பக்கத்துல வந்து, அண்ணா கூட என்ன பேசிக்கினு வந்தீங்கன்னு கேக்கும். எல்லார் கிட்டயும் கேக்கும், யாராவது தெரிஞ்ச அதிகாரியா இருக்க மாட்டாங்களான்னு ஒரு ஆசை. கேட்டா, மழையைப் பத்திப் பேசினோம்னு சொல்லிடுங்க.